பயத்தை மொழிபெயர்த்த வருடங்கள்

எங்கள் சபையின் மாதப் பத்திரிகைக்குத் 'தேவபயம்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவன் இப்போது பெருங்கூட்டங்களில் மேடை மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறான். நான் செய்த வேலைதான். என் காலத்தில் மைக் ஒரு இரும்புக் கம்பத்தில் நிற்கும், அதை விட்டு நகர முடியாது. இவன் கன்னத்தோரம் ஒட்டிக்கொள்ளும் மைக்கோடு மேடை முழுக்க ஓடுகிறானாம். போன வாரக் கூட்டத்தில் "ஜனங்களை நடுநடுங்க வச்சுட்டோம் அங்கிள்" என்று, நூறு ரன் அடித்தவனைப் போலச் சொன்னான். ஜனங்களை நடுங்க வைப்பதற்கு ஊழியக்காரன் தேவையில்லை. அறுந்து விழுந்த கரண்ட் கம்பி போதும்.

ஒரு பக்கத்தில் அடங்காது, அடங்கினாலும் நீங்கள் போட மாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். இதுதான் அது.

அறுபதுகளின் கடைசியில், கல்லூரிப் படிப்பு முடித்த கையோடு, தியாகராய நகரில் ஒரு நற்செய்திச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பனகல் பார்க்குக்குப் பக்கத்துச் சந்தில், பாத்திரக் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே குடங்களைத் தட்டிப் பார்த்து வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பிரசங்கிகளுக்கு மேடையில் தமிழ் சொல்வது என் வேலை. கூட்டம் இல்லாத நாட்களில் துண்டுப் பிரசுரங்களை மொழிபெயர்க்க வேண்டும். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வருடம் வேதாகமத்தைத் தமிழில் மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். பிரசங்கி ஆங்கிலத்தில் வசனம் சொன்னால் நான் என் சொந்தத் தமிழில் அதைச் சொல்லக் கூடாது. முன்வரிசையில் பழைய கறுப்பு அட்டை வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கிழவிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு விகுதி மாறினால் தலையாட்டி மறுப்பார்கள். அந்தக் கிழவிகளுக்கு நான் பயந்த அளவு எந்தப் பிரசங்கிக்கும் பயந்ததில்லை.

மேடையில் பிரசங்கிக்கு இடப்பக்கம் அரையடி பின்னால் நிற்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஜனங்களைப் பார்க்க வேண்டும். அவருடைய கடைசிச் சொல் காற்றில் இருக்கும்போதே நம் முதல் சொல் புறப்பட வேண்டும், இடையில் மௌனம் விழுந்தால் ஒருவன் இருமுவான், அவனைப் பார்த்து இன்னொருவன் இருமுவான், கூட்டம் போய்விடும். அவர் கையை உயர்த்தினால் நாமும் உயர்த்த வேண்டும். அவர் அழுதால் அழ வேண்டியதில்லை, ஆனால் குரல் கம்ம வேண்டும். அவர் பனிப்புயல் என்றால் நான் ஆடி மாதக் காற்று என்பேன். இதெல்லாம் கழைக்கூத்து. பழகினால் வந்துவிடும்.

பழகினாலும் வராதது ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் அவர்கள் கடவுளைப் பற்றிப் பேசும்போது பயம் என்பதற்கு ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரம்பைக் கண்ட பையனுக்கு வருவதும் அதுதான், கோவிலுக்குள் நுழையும்போது குரல் தானாகத் தணிகிறதே, அதுவும் அதுதான். தமிழில் முதலாவதற்குப் பயம் என்று சொல்வோம், இரண்டாவதற்குப் பயபக்தி என்று சொல்வோம். இரண்டும் ஒன்றல்ல என்று சபையில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். பயம் வந்தவன் ஓடுவான். பயபக்தி வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போவான். பிரசங்கி எதைச் சொல்கிறார் என்று அரை மூச்சில் முடிவு செய்ய வேண்டியவன் நான்.

அந்த முடிவையும் என் கையில் விட்டுவைக்கவில்லை எங்கள் செயலாளர்.

அவர் பெயர் துரைசிங்கம். நெல்லைப் பக்கத்துக்காரர், பெரிய குடும்பம். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. தும்பைப்பூ வேட்டி, மடித்த கைக்குட்டை, அதில் இரண்டு சொட்டு வாசனைத் தைலம். யாரையாவது திட்டுவதற்கு முன்னால் கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றிக்கொள்வார். நான் சேர்ந்த புதிதில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மேடையில் பயபக்தி என்று சொல்லாதே என்றார். "பயம்னு மட்டும் சொல்லுங்க தம்பி. பக்தியைக் கூடச் சேர்த்தா சூடு ஆறிடுது." ஏதோ காபியைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார்.

ஒரு கூட்டம் நன்றாக நடந்ததா என்பதை அவர் அழுகைச் சத்தத்தை வைத்து அளப்பார். கடைசி வரிசைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பெண்கள் பக்கம் விம்மல் கேட்டால் முகம் மலரும். வேதத்தில் தேவதூதன் யார் முன்னால் வந்து நின்றாலும் முதலில் பயப்படாதே என்றுதான் சொல்கிறான். துரைசிங்கம் தேவதூதனாக இருந்திருந்தால் அந்த வார்த்தையைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, அதற்குள் கிறிஸ்துமஸ் ராத்திரி மேய்ப்பர்களை அழ வைத்திருப்பார்.

விளக்கு ஏற்பாடும் அவர் யோசனைதான். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் லைட்மேனாக இருந்த சாமுவேலை எங்கள் கூட்டங்களுக்கு அழைத்து வந்தார். நரகத்தைப் பற்றிய பகுதி வரும்போது மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பெரிய விளக்கு ஒன்றின் முன்னால் சிவப்புக் கண்ணாடித் தாளைப் பிடிக்க வேண்டும். மேடை முழுக்க அடுப்புக் கங்கு மாதிரி ஆகிவிடும். சினிமா பார்ப்பது பாவம் என்று அந்த வெளிச்சத்தில் நின்றுதான் எங்கள் பிரசங்கிகள் முழங்கினார்கள். சாமுவேல் தொழில் தெரிந்தவன், வேலை சுத்தமாக இருக்கும். "இன்னா சார், நரகம் இன்னும் கொஞ்சம் செவப்பா வேணுமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு ஏணியில் ஏறுவான். மயிலாப்பூரில் எங்கள் சபையைச் சேர்ந்தவன். மனைவி எஸ்தர், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. கோடம்பாக்கத்தில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் நந்தனத்தில் ஒரு மைதானத்தில் ஐந்து நாள் கூட்டம் நடந்தது. வந்திருந்த பிரசங்கி ஆறடிக்கு மேல் உயரம். குரல் அதற்கும் மேல். முதல் நாளே அவர் எடுத்துக்கொண்டது, ராப்போஜனம் என்று ஜனங்கள் சொல்லும் திருவிருந்தை. மனதில் கசப்பை வைத்துக்கொண்டு, அபாத்திரமாக, அதாவது தகுதியில்லாமல், அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்குகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று சொன்னார். அவர் ஊரில் ஒரு பெண் தங்கையோடு சண்டை போட்டுவிட்டு வந்து திருவிருந்து எடுத்தாளாம். ஒரு மாதத்துக்குள் அவள் குழந்தை தொட்டிலில் செத்துக் கிடந்ததாம். அதை அவர் தாழ்ந்த குரலில் சொன்னார், நானும் தாழ்ந்த குரலில் சொன்னேன். சிவப்பு வெளிச்சம் எங்கள் இருவர் மேலும் விழுந்திருந்தது. பெண்கள் பக்கம் விம்மல் எழுந்தது. துரைசிங்கம் அன்றைக்கு எனக்குத் தன் கையால் பழரசம் கொடுத்தார்.

நான்காம் நாள் மாலை மேடைக்குப் பின்னால் சாமுவேல் என்னைப் பிடித்துக்கொண்டான். இரண்டு மாதங்களுக்கு முன்னால் அவனுக்கு ஒரு ஆண் குழந்தை இறந்தே பிறந்திருந்தது. அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாத விஷயம் வேறு. பிரசவத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்தருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் குழாயடியில் சண்டை. அந்தப் பெண் குடத்தைத் தள்ளிவிட்டிருக்கிறாள், இவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சபித்திருக்கிறாள். அப்படியே புடவை மாற்றிக்கொண்டு சர்ச்சுக்கு வந்து திருவிருந்து வாங்கியிருக்கிறாள். எங்கள் முதல் நாள் கூட்டத்தில் எஸ்தர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிலேர்ந்து பாப்பாவ தொட மாட்டேங்குது சார்," என்றான். "அது அம்மான்னு ஓடியாந்தா வெலகிக்குது. சோறு கூட நான்தான் ஊட்டிக்கினு கீறேன். இன்னான்னு கேட்டா, என் கை பட்டா இதுவும் பூடும்னு சொல்லுது. அந்த வெள்ளக்கார துரை ஒரு வார்த்த வந்து, அப்டிலாம் இல்லம்மான்னு சொன்னா போதும் சார்."

துரைசிங்கத்திடம் கேட்டேன். மறுநாள் காலையே போகலாம் என்று உடனே சம்மதித்தார். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சாமுவேல் வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அதில் பிரசங்கி உட்கார்ந்தார். செயலாளருக்கு ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்துப் போட்டார்கள். நான் நின்றேன். எஸ்தர் சுவரோரமாக நின்றாள், மெலிந்துபோயிருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். குழந்தை அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. சாமுவேல் மூன்று கலர் சோடா வாங்கி வைத்திருந்தான்.

எஸ்தர் நேராகக் கேட்டாள். "நான் சண்ட போட்டுட்டு ராப்போஜனம் எடுத்தேனே, அதனாலதான் என் புள்ள செத்துப்போச்சான்னு ஐயாகிட்ட கேட்டுச் சொல்லுங்க சார்."

கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் கேட்டேன். மேடையில் ஒரு வாக்கியத்துக்கு இடைவெளி விடாத மனிதர் எஸ்தரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கடவுளின் பரிசுத்தத்தோடு விளையாட முடியாது என்றார். இதனால்தான் என்று தான் சொல்லவில்லை, ஆனால் இதனால் இல்லை என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றார். அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான், இன்று கடைசி நாள் கூட்டத்தில் மேடைக்கு வந்து நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும், அது பலருக்கு எச்சரிக்கையாக இருக்கும் என்றார். அப்போதுதான் துரைசிங்கம் ஏன் உடனே சம்மதித்தார் என்று எனக்குப் புரிந்தது. அந்த மெலிந்த பெண்ணைச் சிவப்பு வெளிச்சத்தில் நிற்க வைக்கப் போகிறார்கள். விளக்கைப் பிடிப்பவன் அவள் புருஷன்.

நான்கு வருடமாக, பிரசங்கியின் கடைசிச் சொல் முடியுமுன் என் முதல் சொல் புறப்பட்டுப் பழகியவன். அன்று புறப்படவில்லை. எஸ்தர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவர் சொன்னத நான் தமிழ்ல சொல்ல மாட்டேன்," என்றேன். "நீங்க கேட்டதுக்கு என் பதில், இல்லை. அது என் பதில். அவருடையது இல்லை."

துரைசிங்கம் கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றிக்கொண்டார். தம்பிக்கு உடம்பு சரியில்லை, நான் சொல்கிறேன் என்றார். அருமையான தமிழ் அவருக்கு. பிரசங்கி சொன்னதையெல்லாம் பஞ்சில் சுற்றிய ஊசி மாதிரி வரிசையாகச் சொன்னார். ஆண்டவர் அடிப்பது அணைப்பதற்காகத்தான் என்றார். கடைசியில் அந்தக் குழந்தையை அன்பாகப் பார்த்துவிட்டு, "ராத்திரி மேடைல வந்து சொல்லிடு மகளே. மறைச்சு வச்சா நல்லதில்ல. இன்னொரு பிள்ளையும் இருக்கு பாரு," என்றார்.

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைப் பிரசங்கி சொல்லவே இல்லை. அவை செயலாளரின் சொந்தச் சரக்கு.

எஸ்தர் அழவில்லை. தனக்கு முன்பே தெரிந்ததைத்தான் சொல்கிறார்கள் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, குழந்தை இருந்த பக்கத்திலிருந்து இன்னும் இரண்டடி தள்ளிப்போய் நின்றாள்.

சாமுவேல் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அதிர்ந்து பேசவில்லை. "எய்ந்திருங்க சார். நீங்க சொல்ற சாமிக்கு மன்சன் பயப்படலாம், கும்புட முடியாது. எங்க ஊட்டாண்ட இனிமே வராதீங்க," என்றான்.

பிரசங்கி புன்னகையோடு என் பக்கம் திரும்பி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அதை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

திரும்பும்போது காரில் துரைசிங்கம் எனக்கு ஒரு உவமை சொன்னார். மொழிபெயர்ப்பாளன் குழாய் மாதிரி, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று குழாய் கேட்கக் கூடாது என்றார். கார்ப்பரேஷன் குழாயில்கூடச் சாக்கடை வந்தால் மூடிவிடுவார்கள் ஐயா என்றேன். மறுபடி கைக்குட்டை வெளியே வந்தது. அன்றோடு மேடை எனக்கு இல்லை.

கடைசி நாள் கூட்டத்துக்குச் சாமுவேலும் எஸ்தரும் வரவில்லை. சிவப்புத் தாளும் இல்லை. நரகத்தைப் பற்றிய பகுதி டியூப் லைட்டில் நடந்தது. நான் ஜனங்களோடு ஜனங்களாக உட்கார்ந்து பார்த்தேன். அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது, பக்கத்தில் இருந்தவர் வேர்க்கடலை உரிப்பது தெரிந்தது, நரகம் எடுபடவில்லை. எனக்குப் பதிலாக ஏறியவர் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார். முன்னால் வரத் தயங்கி மனம் பின்வாங்குகிறவர்களைப் பிரசங்கி கூப்பிட்டார். தயங்குகிறவனுக்குக் கால் குளிர்ந்துபோகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. தாசில்தார் அதை அப்படியே எடுத்து, "கால் ஜில்லிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் முன்னால் வாருங்கள்" என்றார். வாதக்காரக் கிழவிகள் இருபது பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். சுகமளிக்கும் ஜெபம் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். அத்தனை பேரும் மனந்திரும்பியதாகத் துரைசிங்கம் அறிவித்தார்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மாடியில் ஒரு மூலையில் உட்கார வைத்துப் பிரசுரங்களுக்குப் பிழை திருத்தச் சொன்னார்கள். திருத்தினேன். எஸ்தரின் நினைப்பு மட்டும் போகவில்லை. சாமுவேலை இரண்டு முறை ஸ்டூடியோ வாசலில் போய்ப் பார்த்தேன். அவள் அப்படியேதான் இருக்கிறாள் என்றான்.

கடைசியில் எங்கள் சபைப் போதகர் மாசிலாமணி ஐயரிடம் போனேன். வேறு ஆள் இல்லாததால் போனேன் என்பதே உண்மை. அவர் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருப்பவர்கள் மயிலாப்பூரில் அன்று நான்கைந்து பேர் இருந்தால் அதிகம். தாளைப் பார்த்து வாசிப்பார், நடுவில் மூச்சிழுப்பு வந்து நின்றுவிடுவார், விட்ட வரியைத் தேடுவார், கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார். துரைசிங்கம் அவரைத் தூக்க மாத்திரை என்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் சொன்னதையெல்லாம் இருமிக்கொண்டே கேட்டார். பிரசங்கி யார் என்று கேட்கவில்லை, வசனத்துக்கு விளக்கம் சொல்லவில்லை. "பிள்ளையை எங்க புதைச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதை நான் சாமுவேலிடம் கேட்டதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அடையாற்றங்கரைப் பக்கம் இருந்த கல்லறைத் தோட்டத்துக்கு எங்களை வரச் சொன்னார். சாமுவேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். எஸ்தர் பத்தடி தள்ளி வந்தாள். மதிலோரத்தில் எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு மண் மேடு. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை, மூச்சே விடாத பிள்ளை; அதற்கு அடக்க ஆராதனை கிடையாது என்று சபைப் பெரியவர்கள் சொல்லிவிட்டதால், சாமுவேலும் குழிவெட்டுகிறவரும் மட்டும் ஒரு விடிகாலையில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஐயர் சைக்கிளில் வந்தார். துணிப் பையிலிருந்து வெள்ளை அங்கியை எடுத்து மாட்டினார், தோள்பட்டியை எடுத்து முத்தமிட்டுப் போட்டுக்கொண்டார். பண்டிகை நாட்களில் மட்டும் போடும் அங்கி அது. பிறகு செருப்பைக் கழற்றினார். மண் கொதித்துக்கொண்டிருந்தது. எஸ்தர் பக்கம் திரும்பி, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். பெயர் வைக்கவில்லை என்றான் சாமுவேல். வைத்திருந்தேன் என்றாள் எஸ்தர். மனசுக்குள் வைத்திருந்தாளாம். ஆனந்தராஜ்.

ஐயர் அடக்க ஆராதனையை முதல் வரியிலிருந்து வாசித்தார். நீதிபதிக்கும் கல்லூரி முதல்வருக்கும் அவர் வாசித்து நான் கேட்ட அதே ஆராதனை. ஒரு வரியைத் தாண்டவில்லை, ஒரு ஜெபத்தைச் சுருக்கவில்லை. இழுப்பு வந்த இடங்களில் நிறுத்தி, மூச்சு வந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினார். பெயர் வரும் இடமெல்லாம் நம்முடைய சகோதரன் ஆனந்தராஜ் என்றார். புத்தகத்தைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. எத்தனையோ பேரை அடக்கம் செய்த கை. சுற்றிலும் அவர் பயப்பட வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. நாங்கள் மூன்று பேர், ஒரு குழந்தை, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற குழிவெட்டுகிறவர். ஒரு முழ மண்ணின் முன்னால் அந்த மனிதர் ராஜசபையில் நிற்பவர்போல நின்றார்.

பிள்ளைகளே, தேவபயம் என்றால் என்ன என்று கேட்டீர்கள். எனக்கு விளக்கம் தெரியாது. நான் பார்த்தது இதுதான்.

கடைசி ஆசீர்வாதம் முடிந்தது. எஸ்தர் ஐயரிடம் தன் கேள்வியைக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்பதற்குள், சாமுவேல் மேட்டின் மேல் மண்ணைச் சரிசெய்யக் குனிவதற்காகக் குழந்தையை இறக்கிவிட்டான். கால் சுட்டதும் அது வீறிட்டது. ஐயர்தான் பக்கத்தில் இருந்தார், தூக்கிக்கொண்டார். வியர்வை கொட்டியது அவருக்கு, மூச்சு இரைத்தது. ஒரு கையால் அங்கியைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை.

"இந்தாம்மா, பிள்ளையப் பிடி. நான் இதைக் கழட்டணும், வேர்த்துக் கொட்டுது," என்று எஸ்தரிடம் நீட்டினார்.

அவள் யோசிப்பதற்குள் வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். நாங்கள் யாரும் அசையவில்லை. ஐயர் மட்டும் எங்களைக் கவனிக்காமல் அங்கியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே செய்தீர்களா என்று பல வருடம் கழித்து ஒருமுறை கேட்டேன். அன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்றார்.

பஸ் ஸ்டாப் தூரம். ரோடு நிழலாக இருந்த இடத்தில், இறங்கி நடக்கிறேன் என்று குழந்தை சிணுங்கியது, காலை உதைத்தது, அப்பாவிடம் போகிறேன் என்று கையை நீட்டியது. சாமுவேல் வாங்கிக்கொள்ள வந்தான். எஸ்தர் கொடுக்கவில்லை. இடுப்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை இறக்கிவிடாமல் நின்றாள்.